ஐயரிடம் சொன்ன பொய்யும் ஒரு டிராக்டர் மரவள்ளியும்

நான் சொன்ன பொய்களிலேயே சின்னது ஒற்றைச் சொல்தான். அதை ஒரு போதகரிடம் சொன்னேன், கார் ஓட்டிக்கொண்டே சொன்னேன், அதுவும் என் தங்கையின் கல்யாணத்தன்று சொன்னேன்.

அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. கள்ளக்குறிச்சியில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. எதற்கும் நிமிடக் கணக்கில் அட்டவணை போடுகிற ஆள் நான். காலை ஜெபத்துக்குக்கூடப் பன்னிரண்டு நிமிடம் ஒதுக்கியிருந்தேன். (பதிமூன்றாவது நிமிடத்தில் ஆண்டவரே பேச வந்திருந்தாலும் "சாயங்காலம் வாங்க" என்று அனுப்பியிருப்பேன்.)

தங்கை பிரிசில்லாவுக்கு வெள்ளிமலை மாப்பிள்ளை. அவர் ஊர்க் கோயிலில் செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்குக் கல்யாணம். மறுநாள் சாம்பல் புதன். லெந்து என்கிற தவக்காலம் தொடங்கிவிட்டால் ஈஸ்டர் வரைக்கும் எங்கள் சபையில் கல்யாணம் கிடையாது. மாப்பிள்ளை ராணுவத்தில் இருந்தார், அவருடைய லீவு அந்த வாரத்தோடு முடிகிறது. போதாக்குறைக்கு, மாலை ஏழு மணிக்கு மேல் கல்யாணத்தை நடத்தி வைக்க ஐயருக்குச் சட்டம் இடம் கொடுக்காது. (எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம்.) மலைக்கோயிலுக்குத் தனி ஐயர் இல்லை, கள்ளக்குறிச்சியிலிருந்துதான் அழைத்துப் போக வேண்டும். வீட்டார் எல்லோரும் காலையிலேயே வேனில் ஏறிப் போய்விட்டார்கள். "ஐயரை நான் கூட்டிக்கினு வரேன்" என்று சித்தப்பாவின் காரை வாங்கிக்கொண்டு மார்தட்டியது நான்தான். லைசென்ஸ் எடுத்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

அந்த ஐயர் அந்த வருடம்தான் பட்டம் பெற்று வந்தவர். என்னைவிட ஐந்து வயது சின்னவர், என்னை அக்கா என்பார். தங்கமான மனிதர், ஆனால் யார் கை காட்டினாலும் நின்றுவிடுவார். இரண்டு மணிக்கு நான் போய் நின்றபோது யாருக்கோ மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அதிலேயே நாற்பது நிமிடம் போயிற்று. நான் காருக்குள் உட்கார்ந்து அட்டவணையை அடித்து அடித்துத் திருத்தினேன்.

வடக்கனந்தல் தாண்டியதும் ஒரு அம்மா சாலையில் குறுக்கே வந்து நின்றாள். வெள்ளை அங்கியைப் பார்த்துவிட்டாள். பெயர் பச்சையம்மா என்று பிறகு தெரிந்தது.

"சாமி, மாடு கன்னு போட முடியாம காத்தாலேர்ந்து தவிச்சிக்கினு கெடக்குது சாமி. டாக்டரு வந்துக்கினு இருக்காராம். அதுவரிக்கும் ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போங்க."

"ஐயா, கல்யாணங்க" என்று பல்லைக் கடித்தேன்.

"இது குறுக்க வந்ததில்லக்கா. இதுவும் இன்னிக்கு நமக்குக் குடுத்த வேலதான்" என்று சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனார். மாட்டின் நெற்றியில் கை வைத்துக் கண்ணை மூடினார். நான் ஹாரன் அடித்தேன். மாடு கத்தியது. மறுபடியும் அடித்தேன். மாடு இன்னும் சத்தமாகக் கத்தியது. ஆமென் மட்டும் வரவில்லை.

கிளம்பும்போது மணி மூன்று ஐம்பது. நூறடி போயிருப்போம், பக்கக் கண்ணாடியில் பச்சையம்மா தெரிந்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையை ஆட்டிக்கொண்டு ஓடி வருகிறாள். கன்று பிறந்துவிட்டது, நன்றி ஜெபம் பண்ணச் சொல்லி அழைக்கிறாள் என்று நானே முடிவு கட்டினேன். ஆக்ஸிலரேட்டரை அழுத்தினேன்.

"யாரோ கூப்புட்ற மாதிரி இல்ல?" என்றார் ஐயர்.

"காத்து" என்றேன்.

மலைச்சாலை ஏறத் தொடங்கியதும் செல்போனில் சிக்னல் போய்விட்டது. வளைவுக்கு வளைவு என் கை ஸ்டியரிங்கில் வழுக்கியது. பிரிசில்லா வெள்ளைப் பட்டில் கோயில் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள் என்ற நினைப்பு வேறு. ஒரு கொண்டை ஊசி வளைவில் திரும்பினால், எதிரே ஒரு டிராக்டர் டிரெய்லர் சாலையை அடைத்துக் கவிழ்ந்து கிடந்தது. அதிலிருந்த மரவள்ளிக்கிழங்கு முழுக்க ரோட்டில். யாருக்கும் அடியில்லை. ஆனால் சைக்கிள்கூடப் போக இடமில்லை. மணி நான்கு இருபது.

ஐயர் அங்கியைக் கழற்றிக் கார்க் கதவில் மாட்டிவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு கிழங்கு பொறுக்கப் போய்விட்டார். நான் இறங்கவில்லை. பட்டுப்புடவை. கண்ணை இறுக்கி மூடி, "ஆண்டவரே, வழியத் தொறங்க, இப்பவே தொறங்க" என்று ஜெபித்தேன். அதை ஜெபம் என்று சொல்லக் கூடாது. கீழ்நிலை ஊழியருக்கு மெமோ கொடுக்கிற குரல் அது. கண்ணைத் திறக்கும்போதெல்லாம் கிழங்கு அப்படியே கிடந்தது, கடிகாரம் மட்டும் ஓடியது. ஐந்து மணி ஆயிற்று. ஐந்தேகால் ஆயிற்று. எனக்கு அழுகை வந்தது. இவ்வளவு ஒழுங்காக இருக்கிற எனக்கு ஏன் இப்படிச் செய்கிறீர் என்று ஆண்டவரிடம் வாய்விட்டே சண்டை போட்டேன்.

அப்போது கீழேயிருந்து ஒரு பைக் வந்து நின்றது. ஓட்டியவன் பச்சையம்மாவின் தம்பி. பின்னால் பச்சையம்மா, மடியில் ஐயரின் பை.

அந்தப் பையில்தான் திருமணப் பதிவேடு இருந்தது. மலைக்கோயிலில் வேறு பதிவேடு கிடையாது. அது தோளில் இல்லை என்பதை ஐயரும் அப்போதுதான் கவனித்தார்.

"வைக்கப்போரு மேல வச்சிட்டு வந்துட்டீங்க சாமி. கைய ஆட்டிக்கினே ஓடியாந்தேன், காரு நிக்கல. டாக்டரு வந்து கன்ன எடுத்தப்பறம்தான் தம்பி வண்டில ஏறி வந்தேன். எந்தூருக்குப் போறீங்கன்னு தெரியாது. இங்க நின்னீங்களோ, ஆப்டீங்க" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "நீ பாக்கலியாம்மா?" என்று கேட்டாள். அதில் குற்றச்சாட்டே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

ஐயர் என்னைப் பார்த்தார். "காத்துன்னீங்களேக்கா" என்று மட்டும் சொன்னார்.

"பாத்தேன்" என்றேன். "மறுபடியும் ஜெபம் பண்ணக் கூப்புடுவாங்கன்னு நெனச்சி வேகமா வந்துட்டேன்." சொல்லும்போது காதுவரை சுட்டது. வழி திறந்திருந்தால் ஐந்து மணிக்குக் கோயிலில் இருந்திருப்போம், பதிவேடு இல்லாமல். எங்கே விட்டோம் என்று யோசித்து, இறங்கி, தேடி, மறுபடி ஏறுவதற்குள் ஏழு தாண்டியிருக்கும். நான் கெஞ்சிக் கேட்டது கிடைத்திருந்தால் என் தங்கை கல்யாணம் நின்றுபோயிருக்கும்.

பச்சையம்மா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "கெடாரிக் கன்னு போட்டுச்சி" என்று சொல்லிவிட்டு, அவளும் தம்பியும் குனிந்து கிழங்கு பொறுக்கத் தொடங்கினார்கள். நானும் புடவையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு இறங்கினேன். ஆறு மணிக்கு ஒரு கார் போகிற அளவுக்கு வழி கிடைத்தது.

கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆறு முப்பத்தைந்து. அம்மா பாடகர் குழுவை எட்டாவது பாட்டு பாட வைத்திருந்தாள். பிரிசில்லா அழுது முடித்து, கோபத்துக்கு வந்திருந்தாள். ஐயர் ஓட்டமும் நடையுமாகப் பீடத்துக்கு ஏறினார். பிரசங்கத்தை விட்டுவிட்டார். (அவர் வாழ்நாளில் சபையார் மனமார நன்றி சொன்ன ஒரே பிரசங்கம் அது.) ஆறு ஐம்பத்திரண்டுக்குத் தாலி ஏறியது. பதிவேட்டில் சாட்சியாக நான் போட்ட கையெழுத்துக்குப் பக்கத்தில் செம்மண் கட்டைவிரல் ரேகை ஒன்று இன்றும் இருக்கிறது.

அன்று இரவே ஐயர் வாயைத் திறந்துவிட்டார். நான் ஜெபித்தால் வழி அடைபடும் என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். பன்னிரண்டு வருடமாக எங்கள் வீட்டில் யார் எங்கே கிளம்பினாலும், அந்தப் பயணத்துக்காக என்னை ஜெபிக்க விடுவதில்லை. போன மாதம் பிரிசில்லாவின் மகளை ஆறாம் வகுப்புக்கு விடுதியில் சேர்க்க வெள்ளிமலையிலிருந்து எல்லோருமாகக் கிளம்பினோம். கார் நகர்ந்ததும் பழக்க தோஷத்தில் கண்ணை மூடிவிட்டேன். யாராவது கையை ஆட்டினால் என் கண்ணில் படட்டும், பட்டால் பொய் சொல்லாமல் இருக்கட்டும் என்று மட்டும்தான் இப்போதெல்லாம் கேட்கிறேன். ஆனால் அதை யார் நம்புகிறார்கள்?

"அப்பா, பெரிம்மா கண்ண மூடிட்டாங்க!" என்று பின்சீட்டிலிருந்து ஒரு அலறல் கேட்டது. ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தேன். என் தங்கையின் வீட்டுக்காரர், எல்லையில் துப்பாக்கி பிடித்து நின்றவர், காரை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, கிழங்கு எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தார்.