மேட்டுப்பாளையம் போய்வந்த உங்கள் அக்கா

நோட்டன் பிரிட்ஜ்,
ஞாயிற்றுக்கிழமை.

கோத்தகிரியில் வசிக்கும் பாசமிகு மச்சான் சிவசாமி அவர்களுக்கு, தங்கள் அக்கா வீட்டுக்காரன் சோலைமலை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. முருகன் துணையால் தாங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கே தங்கள் அக்கா சண்முகவடிவுக்கு நெஞ்சில் கட்டியிருந்த சளி கரைந்து, காய்ச்சலும் விட்டுவிட்டது. சுகமில்லாமல் இருப்பது நான்தான்.

போன் இருக்கும் காலத்தில் எதற்குக் கடிதம் என்று தாங்கள் யோசிக்கலாம். இந்த வீட்டில் இருப்பது ஒரே போன். அது எந்நேரமும் தங்கள் அக்கா கையில் இருக்கிறது. அதற்குள்ளே தாங்கள் இருக்கிறீர்கள். நான் எங்கே புகுந்து பேசுவது?

தாங்கள் ஆரம்பத்தில் செய்தது நல்ல காரியம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். நீங்களெல்லாம் தோட்டத்தை விட்டு இந்தியா போனபோது கல்யாணமாகி இங்கே இலங்கையிலேயே நின்றுவிட்டவள், அந்தப் பக்கமே பார்த்ததில்லை, இப்போது படுக்கையில் வேறு கிடக்கிறாளே என்று வீடியோவில் உங்கள் வீட்டைக் காட்டினீர்கள். சந்தோஷம். அதோடு நிறுத்தியிருக்கலாம் மச்சான். அடுத்த நாள் தெருவைக் காட்டினீர்கள், அதுக்கடுத்த நாள் மார்க்கெட்டுக்குக் கூட்டிட்டுப் போனீங்க. அங்க கேரட் விக்கிற அம்மாகிட்ட இவ படுத்துக்கிட்டே, இதென்ன கேரட்டு, எங்க நுவரெலியாவுல மாட்டுக்குப் போடுற கேரட்டே இதைவிடப் பெருசுன்னு சொல்லி, அந்தம்மா கோவிச்சுக்கிட்டு, அப்புறம் ரெண்டு பேரும் ராசியாகி, இப்ப அது தினமும் என்னைக் கூப்பிட்டு, வடிவக்காவுக்கு நேரத்துக்கு மருந்து குடுக்கிறீங்களான்னு அதட்டுது. அதிகம் பேசக்கூடாதுன்னு டொக்டர் சொல்லி அனுப்பினவ இவ. நான் கஞ்சியை ஆத்திக் கொண்டுபோய் நின்னா, செத்த இருங்க, பஸ் வருதுங்கிறா. கோத்தகிரியில பஸ் வந்தா நோட்டன் பிரிட்ஜுல கஞ்சி ஆறிப்போகுது.

சரி, அதையும் பொறுத்துக்கிட்டேன். மேட்டுப்பாளையத்துக்கு ஏன் மச்சான் கூட்டிட்டுப் போனீங்க? அதுவும் முன் சீட்டுல உக்காந்துக்கிட்டு, போனைக் கண்ணாடிப் பக்கமா பிடிச்சுக்கிட்டு? அந்த இறக்கத்துல ஒவ்வொரு வளைவுக்கும் இவ கட்டில்ல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாயுறா. நான் வேணாம், வேணாம்னு சொல்லச் சொல்லக் கேக்காம பாதி வழியில வாந்தி எடுத்துட்டா. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. நோய் திரும்பிருச்சுன்னு பயந்து, த்ரீவீலரைப் பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். வழியெல்லாம் சாமி பேரைச் சொல்லிக்கிட்டே போனேன், பொய்யில்ல.

அங்க இருந்தது சின்ன வயசு சிங்கள டொக்டர், தமிழ் கொஞ்சம் கொஞ்சம் வரும். நான் நம்பர் சீட்டு எடுக்கப் போயிருந்த நேரம், எங்கயாவது பயணம் போனீங்களான்னு கேட்டிருக்காங்க. இவ, ஆமா டொக்டர், மேட்டுப்பாளையம் போனேன், வளைவுல தலை சுத்திருச்சுன்னிருக்கா. அது எங்க இருக்குன்னு கேட்டதுக்கு, இந்தியாவுலன்னிருக்கா. அவங்களும் எழுதிக்கிட்டாங்க. நான் வந்தப்ப வாந்திக்கு மாத்திரையைக் கையில குடுத்து, ஒண்ணுமில்ல, கூட்டிட்டுப் போங்கன்னாங்க. நானும் நிம்மதியா வந்துட்டேன்.

பிறகு ஒரு காலையில எங்க தோட்டத்து லயத்து வீட்டு வாசல்ல ஜீப் வந்து நிக்குது. இந்தியா போயிட்டு வந்தவங்களுக்கு மலேரியா இருக்கான்னு ரத்தம் பாக்கணுமாம். வந்த அதிகாரிகிட்ட எனக்குத் தெரிஞ்ச சிங்களத்துல, நோனா, அதான் எங்க வீட்டம்மா, போன்லதான் போனான்னு விளக்கிச் சொன்னேன். அவர் ரொம்ப மரியாதையா, எதுல போனாலும் பரவாயில்ல ஐயா, விரலை நீட்டச் சொல்லுங்கன்னார். அவளுக்கு ஒரு குத்து. கூடவே இருக்கிறதால எனக்கும் ஒரு குத்து. நான் பக்கத்து டவுன் ஹட்டனைத் தாண்டியே ஒரு வருசமாச்சு மச்சான்.

லயமே பாத்துக்கிட்டு நின்னுச்சு. பக்கத்துக் காம்பராவுல குடியிருக்கிற வினோதா, இவ காய்ச்சல்ல கிடந்தப்ப ரசம் வச்சுக் குடுத்த புள்ள, இப்ப மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போகுது. ரகசியமா இந்தியா போயிட்டு வந்தோமாம், போனதுதான் போனோம், ஒரு சேலை கூட வாங்கிட்டு வரலையாம். தோட்டத்துத் தலைவர் கஜேந்திரன் வந்து, பாஸ்போட்டு எப்படி இவ்வளவு சுருக்கா எடுத்தீங்கன்னு தனியாக் கூப்பிட்டுக் கேக்கிறார்.

எனக்கு ஆத்திரம் வந்துருச்சு. போனைப் பிடுங்கி அரிசி டின்னுக்குள்ள புதைச்சு வச்சேன். அவ சண்டை போடுவான்னு பாத்தேன். போடல. செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டா. கஞ்சி குடிக்கல, இருமல் மட்டும் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. பொழுது சாயுறப்ப, திரும்பாமலே சொன்னா:

"மூச்சு முட்டுறப்ப தம்பி எங்கயாச்சும் நடந்து போறதைப் பாத்தா, நானும் நடக்கிற மாதிரி இருக்குங்க. அந்த நேரத்துல பயம் தெரியல."

அவளுக்குப் பயம் இருந்துச்சுங்கிறதே எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். நான் மட்டுந்தான் பயந்துக்கிட்டு இருக்கேன்னு நினைச்சிருந்தேன். அரிசியைத் தட்டிவிட்டுப் போனைக் கையில குடுத்துட்டேன். இப்ப மறுபடியும் மார்க்கெட்டுல நிக்கிறா.

ஆகவே மச்சான், தங்களைத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்வது என்னவென்றால், அவளிடம் மறுத்துப் பேச என்னால் முடியாது. தாங்கள் மறுத்துவிடுங்கள். கால் வலி என்று சொல்லுங்கள். ஒரு மாதத்துக்காவது வீட்டை விட்டு நகராதீர்கள். அவளுக்கும் ஓய்வு கிடைக்கும், என்னாலும் நேரத்துக்குச் சோறு ஆக்க முடியும். தங்கச்சிக்கு என் அன்பைச் சொல்லவும். பிள்ளைகளுக்கு எங்கள் ஆசீர்வாதம். அந்தக் கேரட் அம்மாவுக்கும், மருந்து நேரத்துக்குக் கொடுக்கப்படுகிறது என்று தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
பொறுமை இழந்த,
சோலைமலை.

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போற நேரம் பாத்து அவ சொல்றா, நீங்க அடுத்த மாசம் தனுஷ்கோடி போறீங்களாமே. அப்ப கால் வலியை அதுக்கப்புறம் வச்சுக்கலாம். போனுக்குப் பெரிய டேட்டா கார்டா வாங்கிப் போட்டுட்டேன். விசயத்தைச் சொன்னதும் வினோதாவும் பேச ஆரம்பிச்சிருச்சு, அதுவும் வந்து பாக்குமாம். கடைசிக் கரைக்குப் போய் நின்னு, போனை எங்க பக்கமாத் திருப்பிப் பிடிங்க. அங்கேருந்து வெறும் தண்ணிதான்டி தெரியும்னு சொல்லிப் பாத்தேன். தெரியட்டுமேங்கிறா. கொஞ்ச நேரம் ஆடாமப் பிடிங்க மச்சான், நானும் பக்கத்துல உக்காந்துக்கிறேன்.