நேசபாய் எழுதிய அட்டைகள்

இந்த வருடம் மகள் பிரீனாவுக்கு வாய்ப்பாடு பழக்குவது என் பொறுப்பு என்று வீட்டில் அறிவித்தேன். மூன்றாம் வகுப்பு. வீட்டில் தினமும் கேட்க வேண்டும் என்று டீச்சர் டைரியில் சிவப்பு மையால் எழுதி அனுப்பியிருந்தார். என் மனைவி நேசபாய் மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

"நீங்களா?"

"பின்ன, நான் அவளுக்கு யாரு?"

கத்தி மறுபடி நகர்ந்தது.

ஐம்பத்து மூன்று வயதில் இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. எனக்கு ஐந்தாம் வாய்ப்பாட்டுக்கு மேல் தெரியாது. நான்காம் வகுப்பில் ஆறும் ஏழும் எட்டும் ஒன்பதும் நடந்த இரண்டு வாரமும் பொன்னுக்குவீங்கி வந்து, கன்னத்தில் பற்றுப் போட்டுக்கொண்டு கிடந்தேன். திரும்பிப் போனபோது வகுப்பு வகுத்தலுக்குப் போயிருந்தது. யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பிறகு பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பது வருடம். அங்கே கால்குலேட்டர் உண்டு.

பின் ஏன் இந்தப் பொறுப்பு? கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் காத்திருந்து பிறந்தவள் பிரீனா. எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நம்புகிற ஆள் உலகத்தில் அவள் ஒருத்திதான். எதற்கெடுத்தாலும் அம்மாவிடம் கேட்கிறேன் என்று அவள் போக ஆரம்பித்தால் அந்த ஒருத்தியும் இல்லாமல் போவாள்.

அதற்காகத்தான் அட்டைத் திட்டம். பழைய கல்யாண அழைப்பிதழ்களைச் சீட்டு அளவுக்கு வெட்டினேன். முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை. பிள்ளை கேள்வியைப் பார்ப்பாள். நான் விடையைப் பார்ப்பேன். விடையை யார் எழுதுவது என்பதுதான் சிக்கல். கால்குலேட்டரில் போட்டு நானே எழுதியிருக்கலாம். அது தோன்றவில்லை. தோன்ற வேண்டியது வேண்டிய நேரத்தில் ஏன் தோன்றுவதில்லை என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். நேசபாயின் கையெழுத்து அச்சு மாதிரி இருப்பதாகப் புகழ்ந்து அவளிடமே கொடுத்தேன். இருபத்தொரு வருடத்தில் நான் அவளுடைய எதையும் புகழ்ந்தது அதுதான் முதல் முறை. அவளுக்குச் சந்தேகம் அங்கேதான் வந்திருக்க வேண்டும்.

மூன்று நாள் நன்றாக நடந்தது. சரி என்றும் தப்பு என்றும் நீதிபதி மாதிரி சொன்னேன். யோசிக்காமலே உங்களுக்கு எல்லாம் வருகிறதே என்று பிரீனா ஆச்சரியப்பட்டாள். கொஞ்சம் கூசியது. ஆனால் அன்று ஒரு துண்டுக் கிழங்கு கூடுதலாகச் சாப்பிட்டேன்.

நான்காம் நாள் ஓர் அட்டையை நீட்டினேன். ஏழெட்டு.

"அம்பத்தாறு."

பின்பக்கத்தில் ஐம்பத்து நான்கு என்று இருந்தது.

"தப்பு."

"அம்பத்தாறுதான் அப்பா."

"அம்பத்து நாலு. நல்லா யோசி மக்கா."

அவள் யோசிக்கவில்லை. எழுந்து போய், தோட்டத்தில் பொறுக்கிய ரப்பர் கொட்டைகளை டப்பாவோடு கொண்டுவந்தாள். வரிசைக்கு எட்டாக ஏழு வரிசை அடுக்கினாள். எண்ணினேன். ஐம்பத்தாறு. இரண்டாம் முறையும் ஐம்பத்தாறு. ஆனால் எழுத்தில் இருப்பதற்கு எதிராக வாய்ச்சொல் நிற்காது என்று முப்பது வருடமாக ஊராருக்குச் சொல்லி வருகிறவன் நான். எழுத்துக்கு எதிராகக் கொட்டை எப்படி நிற்கும்?

"ரெண்டு கூடுதல் வச்சிருக்க," என்று இரண்டு கொட்டையை எடுத்து டப்பாவில் போட்டேன்.

நேசபாய் அடுக்களையிலிருந்து வந்து கொட்டைகளையும் என்னையும் பார்த்தாள். அட்டையைப் பார்க்கவில்லை. அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும், ஜெபத்துக்கு வாங்க என்றாள்.

எங்கள் வீட்டில் மாலை ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். வேதம் வாசிப்பது நான். ஜெபிப்பது அவள். கண்ணை மூடி ஆண்டவரிடம் பேசுகிறவளை இடையில் நிறுத்த முடியாது. என்மேல் அவளுக்குள்ள புகார்கள் எல்லாம் அந்த வழியாகத்தான் எனக்குத் தெரியவரும். அன்று மழைக்காக ஜெபித்தாள். குலசேகரத்தில் இருக்கிற அவள் அண்ணனின் மூட்டுவலிக்காக ஜெபித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"ஏழெட்டு அம்பத்தாறுன்னு தெரிஞ்சும் தகப்பனுக்கு அடங்கி இருக்கிற பிள்ளைக்குப் பொறுமை தாரும் ஆண்டவரே. அட்டைக்குப் பின்னால பாத்து வாசிக்கிற உம்முடைய அடியானையும் மன்னியும்."

பிரீனா சொன்ன ஆமென் அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

"அப்பா, உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் மக்கா. கண்ணாடி போடாம பாத்துட்டேன்."

கண்ணாடி என் மூக்கில் இருந்தது.

"அப்பிடியா? அப்ப நல்லது," என்றாள் நேசபாய். "வேற தப்பு இருக்கான்னு நீங்களே பாத்துத் திருத்திக் குடுங்க. பிள்ள உங்களத்தான் நம்பி இருக்கா."

வேண்டுமென்றே ஒன்றைத் தப்பாக எழுதியவள் ஒன்றோடு நிறுத்துவாளா? போனிலோ கால்குலேட்டரிலோ கணக்குப் போடக் கூடாது என்று பிரீனா வாக்கு வாங்கிக்கொண்டாள். அந்த வாக்கையாவது காப்பாற்ற நினைத்தேன். இரண்டு நாள் மத்தியானம் அலுவலகத்தில் சாப்பாட்டுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் அட்டைகளைப் பரப்பி விசாரித்தேன். சந்தேகத்துக்குரியவை இரண்டு அகப்பட்டன. ஆறொன்பது ஐம்பத்து நான்கு. ஏற்கெனவே ஒரு தடவை பிடிபட்ட அதே ஐம்பத்து நான்கு. இரண்டைக் குறைத்து எழுதுவது அவள் முறை என்று ஊகித்து, இரண்டைக் கூட்டினேன். அடுத்தது ஒன்பதொன்பது எண்பத்தொன்று. கேள்வி முழுக்க ஒன்பதாக இருக்கும்போது விடையில் ஒன்று எங்கிருந்து வரும்? அதிலும் இரண்டைக் கூட்டினேன். பழையதை அடித்து, மேலே புதியதை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பமும் வைத்தேன்.

சனிக்கிழமை மாலை இரண்டு அட்டைகளையும் நேசபாயிடம் நீட்டினேன். பல நாளுக்குப் பிறகு முதுகு நிமிர்ந்திருந்தது. அவள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிரீனாவிடம் கொடுத்தாள். பிரீனா விரலை மடக்கி மடக்கி எண்ணினாள்.

"அம்மா, இதையும் நீங்களா தப்பா எழுதினிய?"

"நான் தப்பா எழுதினது ஒண்ணுதான் மக்கா," என்றாள் நேசபாய். "இது ரெண்டும் அப்பா எழுதினது."