ஆடு இல்லாதவர்களின் ஆடு

வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணி பத்து நிமிடத்துக்கு ஆடு சர்ச் சரிவில் உருண்டுபோய்ப் பாதிரியாரின் கார் கதவில் முட்டியது.

ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது மரம். பலகை அறுக்கும்போது அடியில் தாங்கக் கொடுப்பார்களே, அந்த நாலு கால் சட்டத்தின் மேல் வெள்ளைக் கார்பெட் துண்டைச் சுற்றி, காலடியில் சக்கரம் பூட்டிச் செய்த ஆடு. செய்தவர் லைல் பாவ்லிக். வயது நாற்பத்தாறு, தொழில் வீடுகளுக்குக் கார்பெட் போடுவது. ஒமாஹா நகரத்தை விட்டு எங்கள் தெற்கு டகோட்டாவுக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. ஆடுகளைக் கார் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறார்.

இவர் எப்படி ஆடு வளர்ப்புக் கிளப்புக்குத் தலைவரானார் என்று கேட்டால், எங்கள் ஊரில் எல்லாரும் தலைவர் ஆகிற விதத்தில்தான். கூட்டத்தில் ஆள் தேடிக்கொண்டிருந்த நேரம் பார்த்து அவர் காபி எடுக்க எழுந்துவிட்டார். எல்லாரும் கை தட்டிவிட்டார்கள்.

வீட்டில் ஆடுமாடு இல்லாத பிள்ளைகளுக்கான கிளப் அது. மொத்தம் ஆறு பேர், சர்ச்சின் கீழ்த்தளத்தில் வாரம் ஒரு நாள். நிபந்தனை ஒன்றே ஒன்று. ஆகஸ்ட் கண்காட்சியில் ஒரு ஆட்டையாவது களத்தில் கொண்டுவந்து நிறுத்தாவிட்டால் அடுத்த வருஷம் கிளப் கிடையாது. கீழ்த்தளம் மெத்தைவிரிப்புத் தைக்கும் சங்கத்துக்குப் போய்விடும். அந்தச் சங்கத்தார் இப்போதே வந்து ஜன்னலுக்கு அளவெடுத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

லைல் அவ்வளவு சுலபமாக விடுகிற ஆள் இல்லை. காரணம் தோரா. பதினோரு வயசு. முதல் நாள் எல்லாரையும் கேட்டது போல அவளையும் கேட்டார்.

"உங்க வீட்டுல ஏதாவது ஆடுமாடு உண்டாம்மா?"

"எனக்குன்னு ஒண்ணும் இல்ல சார்."

அதை அவள் சொன்ன விதம் லைலின் மனசைப் பிசைந்துவிட்டது. இந்தப் பெண் ஒரு தடவையாவது நிஜ ஆட்டைப் பிடித்து நிற்கவேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். ஒவ்வொரு வியாழனும் அவள் அம்மா கடைச் சாமான் வாங்கப் போகும் வழியில் அவளை வாசலில் இறக்கிவிட்டுப் போவாள். தோரா முதல் நாற்காலியில் வந்து உட்காருவாள்.

பாதிரியார் கதவின் பள்ளத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோதே லைல் சக்கரங்களைக் கழற்றினார். இப்போது ஆடு ஓடவில்லை. அசையவும் இல்லை.

"சார், இது திருப்பித் தள்ளல," என்றாள் தோரா.

நியாயமான குற்றச்சாட்டு. செம்மறியைக் களத்தில் நிறுத்தும்போது கயிறு கூடாது. ஒரு கை தாடையின் கீழே, முழங்கால் அதன் நெஞ்சில். நாம் தள்ளினால் அது எதிர்த்துத் தள்ளவேண்டும். அப்போதுதான் உடம்பு முறுக்கேறி நடுவர் கைக்குத் தெரியும். இதெல்லாம் லைலின் கையேட்டில் பதினான்காம் பக்கத்தில் இருக்கிறது. மரச்சட்டம் கையேடு படிக்கவில்லை.

அடுத்த வாரம் தன் நாய் பிஸ்கட்டுக்கு அதே கார்பெட்டைப் போர்த்திக் கூட்டிவந்தார். நெஞ்சில் முழங்காலை வைத்ததும் பிஸ்கட் உட்கார்ந்து வலது முன்காலை நீட்டியது. ஏழு வயசு டெஸ்மண்ட் அதைப் பிடித்துக் குலுக்கினான். அரைமணி நேரத்தில் ஆறு பிள்ளைகளும் ஆட்டோடு கை குலுக்கக் கற்றுக்கொண்டார்கள்.

"இதை மறக்கடிக்க இன்னும் ரெண்டு மாசம் ஆகுமே," என்று லைல் தலையில் கை வைத்தார். பிறகு கார்பெட்டை நாயிடமிருந்து பிடுங்கித் தன் முதுகில் போட்டுக்கொண்டு நாலு காலில் நின்றார்.

"தள்ளுங்க."

தள்ளினார்கள். அவர் திருப்பித் தள்ளினார். டெஸ்மண்ட் குப்புற விழுந்து, எழுந்து, "இதான் ஆடு," என்றான்.

கார்பெட் போடுகிறவர்களுக்கு முழங்கால் போய்விடும். லைலுக்கு இடது முழங்கால் போயிருந்தது. அதனால் பிள்ளைகள் ஒவ்வொரு தடவையும், "மன்னிச்சுக்குங்க சார், இடது காலை நகர்த்தப் போறேன்," என்று சொல்லிவிட்டு நகர்த்தினார்கள். அது பழக்கமாகிவிட்டது.

தோராதான் குறை சொல்லிக்கொண்டே இருந்தாள், அதுவும் மரியாதையாக.

"சார், ஆடு எழுந்திருக்கும்போது பின்னங்கால்தான் முதல்ல எழும்பும்."

"அப்படியா?"

"மேல்தாடையில முன்பல்லே கிடையாது சார். நீங்க பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிறீங்க."

"எந்தப் புத்தகத்துல படிச்ச?"

தோரா தரையைப் பார்த்தாள். பாவம், நூலகத்தில் எவ்வளவு படித்திருக்கிறாள் என்று லைல் நினைத்துக்கொண்டார்.

அவருக்கும் ஆர்வம் பிடித்துக்கொண்டது. ஆட்டின் கண்மணி ஏன் படுத்த செவ்வகமாக இருக்கிறது, விழுங்கிய புல் எப்படி மறுபடி வாய்க்கு வருகிறது, மேல்பல் இல்லாமல் எப்படிக் கடிக்கும் என்று யோசித்துக்கொண்டே சாப்பிடுவார்.

"லைல்," என்றாள் அவர் மனைவி கார்லா ஒருநாள், "நீ பீன்ஸைப் பக்கவாட்டுல மெல்லுற."

"சோதிச்சுப் பாக்கறேன்."

"தட்டை நக்கிச் சோதிக்காத. அது போதும் எனக்கு."

ஜூலை முடிகிற சமயம், நிஜ ஆடு வேண்டுமே என்று வடக்கே பெரிய மந்தை வைத்திருக்கும் ஹால்வர் பிரெக்கேவுக்குப் போன் போட்டார். முதலில் ஒரு சின்னப் பெண் எடுத்தாள். லைல் தன் பேரைச் சொன்னதும் டக்கென்று வைத்துவிட்டாள். இரண்டாவது தடவை பிரெக்கேவே எடுத்தார்.

"எங்கிட்ட நானூறு ஆடு இருக்கு. ஒண்ணுகூட வெளிய போகாது."

"ஒரே நாளைக்குத்தான் ஐயா. பிள்ளைங்க..."

"பிள்ளைங்க தொட்டா ஆடு கெட்டுப்போகும். என் வீட்டுப் பிள்ளைங்களையே நான் மந்தைப் பக்கம் விடறதில்ல. புல் அறுக்கிற நேரத்துல கண்காட்சியாம், கண்காட்சி." போன் வைக்கப்பட்டது.

கடைசியில் கை கொடுத்தவர் பாதிரியார். மாமியார் செல்லமாக வளர்த்த மேபல் என்ற கிழட்டு ஆட்டைத் தருவதாகச் சொன்னார். சரிவில் இன்னொரு மர ஆடு வந்துவிடக்கூடாது என்பதில் அவருக்கு அக்கறை இருந்தது.

கண்காட்சி நாள் வந்தது. வாசலில் கால்நடை மருத்துவர் மேபலின் காதைத் திருப்பிப் பார்த்தார்.

"படர்தாமரை. உள்ளே விடமுடியாது."

"டாக்டர், இன்னும் இருபது நிமிஷத்துல எங்க முறை."

"ஒட்டுவியாதி சார் இது. ஒட்டிக்கிட்டா மொத்தக் கொட்டகையும் சொறியும்."

பாதிரியார் மேபலை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கால்சட்டையும் போட்டு, தலைக்கு எண்ணெய் தடவி வந்திருந்த ஆறு பிள்ளைகளும் லைலைப் பார்த்தார்கள். யாரும் அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

"வண்டியில அந்தக் கார்பெட் கிடக்கா?" என்று கேட்டார்.

எடை போடும் இடத்தில் குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். தோராவைப் பார்த்து, "நீயா இதுல?" என்று கேட்கப் போனவர், அவள் உதட்டில் விரல் வைத்ததும் எழுத்து வேலைக்குத் திரும்பினார். "இருநூத்திப் பன்னிரண்டு பவுண்டு," என்று எழுதி, ஆட்டுக்கு மாட்டும் காது எண் வில்லைக்குப் பதிலாக ஒரு துணிக்கிளிப்பை லைலின் காதில் மாட்டினார்.

களத்தில் மற்றக் கிளப்புகளின் பிள்ளைகள் எட்டுப் பேர் எட்டு ஆடுகளோடு வரிசையாக நின்றார்கள். ஒன்பதாவதாக லைல். சுற்றிலும் மரப்பலகைப் படிகளில் உட்கார்ந்திருந்த ஜனம் ஒரு நிமிஷம் பாப்கார்ன் சாப்பிடுவதை நிறுத்தியது. நடுவர் ஓபல் ஸ்டெங்கர் அம்மாள் வெளிமாவட்டத்துக்காரி. சிரிக்காமல் விதிப்புத்தகத்தைப் புரட்டினார்.

"நாலு காலும் தரையில இருக்கணும். இருக்கு. எடைச்சீட்டு இருக்கு. இங்க நான் மார்க் போடறது ஆட்டுக்கு இல்ல, ஆட்டைப் பிடிக்கிற பிள்ளைக்கு. ஆரம்பிக்கலாம்."

டெஸ்மண்ட்தான் முதலில் பிடித்தான். நடுவர் குனிந்தார்.

"உன் ஆட்டுக்கு என்ன வயசு?"

"நாற்பத்தாறு."

"என்ன தீனி போடற?"

"பொரிச்ச கோழி பிடிக்கும். டாக்டர் வேண்டாம்னு சொல்லியிருக்காரு."

"உடம்புல குறை ஏதாவது?"

"இடது முழங்கால். மழை வந்தா அதுக்கு முன்னாடியே தெரியும்."

நடுவர் லைலின் முதுகை நாலு விரலால் அழுத்தினார். "விலாமேல கொழுப்பு தாராளம்," என்று குறித்துக்கொண்டார். லைல் மேல்பல்லை மூடிக்கொண்டு நேரே பார்த்தார். முழங்கால் எரிந்தது. கீழ்த்தளத்தின் ஜன்னலை நினைத்துக்கொண்டு நின்றார்.

ஆறு பேரும் முறை வைத்துப் பிடித்து முடித்ததும், எங்கள் பக்கத்துக் களங்களில் எல்லாரும் பயப்படும் அந்த உத்தரவு வந்தது.

"ஆடுகளை மாத்திக்குங்க."

சொந்த ஆட்டோடு பழகிய பிள்ளைகளுக்கு அங்கேதான் சறுக்கும். லைல் ஒரு பண்ணைப் பையனிடம் போனார். பையன் எங்கே பிடிப்பது என்று தெரியாமல் அவர் சட்டைக் காலரைப் பிடித்தான். கிளப் பிள்ளைகள் ஆறு பேரும் மற்ற ஆடுகளை முறை வைத்துப் பிடித்தார்கள். டெஸ்மண்ட் தனக்கு வந்த ஆட்டிடம், "மன்னிச்சுக்குங்க சார், இடது காலை நகர்த்தப் போறேன்," என்றான். ஆடு விட்டுக்கொடுத்தது.

தோராவுக்கு வந்தது ஒரு முரட்டுக் கிடாக்குட்டி. காலையிலிருந்து இரண்டு பேரைத் தள்ளிவிட்டது. அவள் தாடையின் கீழே கையைக் கொடுத்து, நெஞ்சில் முழங்காலை வைத்து, காதில் என்னவோ முணுமுணுத்தாள். குட்டி செதுக்கி வைத்தது போல நின்றது. நடுவர் இந்தப் பக்கம் வந்தால் அவள் அந்தப் பக்கம், நடுவருக்கும் ஆட்டுக்கும் நடுவில் ஒரு தடவைகூட வரவில்லை.

நாலு காலில் நின்றபடியே லைல் அழுதார். முதல் முதலாக நிஜ ஆட்டைத் தொடுகிற பெண், தன்னிடம் கற்றுக்கொண்டு இப்படி நிற்கிறாளே என்று பெருமை தாங்கவில்லை. கண்ணைத் துடைக்கக் கை ஒழியவில்லை, கை இரண்டும் முன்னங்கால்களாக இருந்தன.

நீல ரிப்பன் தோராவுக்கு. குமாஸ்தா கிளப் பேருக்கு நேரே 'ஆடு ஒன்று, ஆஜர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மெத்தைவிரிப்புச் சங்கத் தலைவி அளவெடுக்கும் நாடாவைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்து போனாள்.

ஆடு கழுவும் இடத்தில் லைல் ஒரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து முழங்காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். காதில் கிளிப் இன்னும் இருந்தது. தோரா கார்பெட்டை மடித்துக்கொண்டிருந்தாள்.

"இப்படிப்பட்ட கை இருக்கிற பொண்ணு ஆடில்லாம இருக்கக்கூடாதும்மா," என்றார். "நாளைக்கு அந்த பிரெக்கே வீட்டுக்கு நானே நேர்ல போறேன். கால்ல விழுந்தாவது ஒரு குட்டி கேட்டு உனக்கு வாங்கித் தரேன்."

தோரா கார்பெட்டை அவர் பக்கத்தில் வைத்தாள். காதிலிருந்த கிளிப்பை வலிக்காமல் எடுத்துவிட்டாள்.

"வேண்டாம் சார். அவர் எங்கப்பாதான். வீட்டுல நானூறு ஆடு நிக்குது, எங்கப்பா ஒருநாள்கூட எனக்காக ஆடா நின்னதில்ல."