குளிரறைக்குப் போன மீட்டர்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. கடவுள் கிருபையில் நானும் மகளும் நலம். பேராசிரியராகிய நீயும், உன் வீட்டாரும், நீ வாங்கிய விருதுக் கேடயங்களும் நலமாயிருக்க வேண்டுகிறேன்.

நேற்று உன் மருமகள் ஆய்வகத்திலிருந்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள், சாப்பாடு வேண்டாமென்றாள், கிளறிக் கேட்டபிறகுதான் காலையில் நீ எல்லார் முன்னாலும், "இத்தனை நாளா ஒரு சோதனையும் சரியா வரல, உனக்குக் கை திருத்தமில்ல, இந்த ஆராய்ச்சிய வேற ஆள்கிட்ட குடுத்துடறேன்" என்று சொன்னது தெரிந்தது. தாய்மாமன் வாயில் வருகிற வார்த்தையா இது?

நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள், ஆனாலும் பிள்ளை சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டேன். டி.என்.ஏ.வில் ஒரு துண்டு இருந்த இடத்தை விட்டுக் கழன்று வேறிடத்தில் போய் ஒட்டிக்கொள்ளுமாம், அதை ஒட்டவைக்கிற நொதி, கரைசலில் கொஞ்சம் அமிலம் ஏறினாலும் சுணங்கிவிடுமாம். அளந்துதானே கலக்குகிறாய் என்றேன். அளந்துதான் கலக்குகிறாள், ஆனால் குளிரறையில்! அமிலத்தை அளக்கிற அந்த பி.எச். மீட்டர் ஏன் அங்கே போனது? அது இருந்த இடத்தில் உன் கேடய அலமாரி வந்து உட்கார்ந்துவிட்டது. அந்தக் கரைசலோ குளிரில் சரியாகக் காட்டிவிட்டு, சோதனைக்குச் சூட்டில் வைத்ததும் அமிலத்தன்மை ஏறிவிடுகிற ரகமாம். நீ திட்டிவிட்டுப் போனபிறகு அவளே இதைக் கண்டுபிடித்து, உன் அலமாரியை நகர்த்திவிட்டு மீட்டரைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து, சோதனை நடக்கிற சூட்டிலேயே அளந்து கலந்தால், இத்தனை நாள் அசையாத துண்டு ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது. சாயங்காலம் சொல்ல வந்தவளிடம், பாராட்டு விழாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நீ, "அலமாரிய யார் நகத்தினது?" என்று மட்டும் கேட்டாயாம்.

வீட்டுக் கணக்கு இடித்தால் நான் முதலில் என் கூட்டலைத்தான் திரும்பப் பார்ப்பேன், பால்காரரை வைய மாட்டேன். படித்தவர்களுக்கு வேறு முறை போலிருக்கிறது.

உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், அவள் ஆராய்ச்சியை அவளிடமே விடு. வருஷக்கணக்காக உழைத்திருக்கிறாள். அலமாரியை வீட்டுக்குக் கொண்டுபோய் நீயே தூசி தட்டு.

உனக்காகத் தினமும் பிரார்த்திக்கிறேன், இன்று மட்டும் கொஞ்சம் நேரம் பிடித்தது. நீடூழி வாழ்க.

உன் அக்கா

பின்குறிப்பு: உறையில் போடுமுன் மகள் இதைப் படித்துவிட்டாள். "மாமாகிட்ட ஏம்மா கெஞ்சுற? இன்னிக்குக் காலைலயே எதிர் ஆய்வகத்துல சேர்ந்துட்டேன். அந்தப் பேராசிரியை நான் சொன்னத உக்காந்து கேட்டாங்க" என்கிறாள். ஆகையால் மேலே கெஞ்சியிருப்பதையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். வைதது அப்படியே இருக்கட்டும்.