பினாங்குப் பூட்டும் வாயில் வராத பெயரும்

உ
சிவமயம்

சிரஞ்சீவி தம்பி சோலையப்பனுக்கு அக்காள் மீனம்மாள் எழுதிக்கொண்டது. ஆத்மநாத சுவாமி கிருபையால் இவ்விடம் பெட்டியைத் தவிர எல்லோரும் சுகம்.

நீ கப்பல் ஏறுமுன் செவந்தியின் தாலியையும் கூறைப்புடவையையும் பெட்டியில் வைத்து, பினாங்கிலிருந்து கொண்டுவந்த எழுத்துப் பூட்டைப் போட்டு, அதைத் திறக்கிற சொல்லை உன் மச்சான் காதில் ஓதிவிட்டுப் போனாயே, அதை அவர் ரயிலடியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார். மகள் கல்யாணம் வருகிற வெள்ளிக்கிழமை. உனக்கு எழுதிக் கேட்டால் செவந்திக்குப் பிள்ளை பிறந்த பிறகுதான் பதில் வரும். உடைத்துவிடலாம் என்று அவர் கொல்லரைக் கூப்பிட அன்னவாசலுக்குப் போய்விட்டார். தாலி இருக்கிற பெட்டியில் உளி படலாமா? பூட்டில் இருப்பது இங்கிலீஷ் எழுத்தாயிற்றே என்று எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த ஆரோக்கியம்மாள் டீச்சரை அழைத்தேன். அவரும் தன் சாமி, என் சாமி என்று பாராமல் பூட்டின் எழுத்து வளையங்களில் அடங்குகிற சாமிகளை எல்லாம் கூப்பிட்டுப் பார்த்தார். ஒருவரும் வரவில்லை.

அலுத்துப்போய்ப் பெட்டிமேல் தலை சாய்த்தேன். கண் செருகியது. ஆவுடையார்கோவிலில் நிற்கிறேன், தம்பி. கருவறையில் உருவம் இல்லை, படைத்த சோற்றின் ஆவி மட்டும் மெல்ல எழுந்து மேகம்போல முகத்தில் படுகிறது, என் கால் தரையில் இல்லை. ஆவிக்குள்ளிருந்து ஒரு குரல்: "எல்லாப் பேரையும் சொன்னே. ஒரு பேரை மட்டும் ஏன் ஆத்தா வாயில வைக்க மாட்டேங்கிறே?"

விழித்ததும் விளங்கிவிட்டது. திருடன் கழுத்தை நெரித்தாலும் என் வாயில் வராத பெயரைத்தான் நீ வைத்திருப்பாய். ஆனால் டீச்சரிடம் எப்படிச் சொல்வது? ஊரே உன் மச்சானை மணியக்காரர் என்கிறது, டீச்சருக்குப் பெயர் தெரியாது. ஆணியில் தொங்கிய சட்டையைக் காட்டினேன்.

"சட்டைன்னா வச்சிருப்பாரு ஒங்க தம்பி?"

"அதுக்குள்ள இருக்கிறவுக, டீச்சர்."

"அதுக்குள்ள யாரும் இல்லையேக்கா."

கடைசியில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, வெறுங்குடத்துக்குள் வாயை வைத்து, சிவனே என்று அந்தப் பெயரைச் சொல்லிவிட்டேன். குடம் அதை வாங்கித் தெருக்கோடிவரை சொல்லிற்று. டீச்சர் எழுத்துகளைச் சேர்த்தார், பூட்டும் திறந்துகொண்டது.

ஆத்மநாதர் உனக்கு நீண்ட ஆயுளும், மறக்காத மச்சானும் அருளட்டும்.

பி.கு.: இதை ஒட்டுவதற்குள் உன் மச்சான் வந்துவிட்டார். தெருப் பெண்கள் எல்லாம் தன் பெயரைச் சொல்லிச் சிரிப்பதைக் கேட்டு, வந்த வெட்கத்தில் சொல்லை மாற்றித் திரும்பப் பூட்டிவிட்டார். தாலி உள்ளேதான். என் பெயரைத்தான் வைத்தாராம். டீச்சர் என் பெயரை முழுசாகவும் வைத்துப் பார்த்தார், சுருக்கியும் வைத்துப் பார்த்தார். திறக்கவில்லை. கொல்லர் வாசலில் மோர் குடித்துக்கொண்டிருக்கிறார். அந்த மோரையும் உன் பற்றுக் கணக்கில் எழுதியாயிற்று. பூட்டு கிடக்கட்டும், முதலில் இவரை விசாரிக்க வேண்டியிருக்கிறது.