டவருக்கு ரேட் விசாரித்த அக்கா

காலை ஏழு மணிக்கு யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால், தோளில் பையும் கையில் டார்ச்சுமாக ஓர் ஆள்.

"மன்னிக்கணும் சார். மீட்டரெல்லாம் உங்க ரூம்லதான் இருக்கு. ரீடிங் எடுக்கணும்."

கட்டிலின் தலைமாட்டில் சுவரை அடைத்துக்கொண்டு இருபத்து நான்கு மின்சார மீட்டர்கள். ராத்திரி முழுக்க அவை ஙொய் என்று இரைந்ததில் கண்ணை மூட முடியவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், கதவைத் திறந்தவருக்கும் அதே தொழில்தான். இருபத்திரண்டு வருடமாக அடுக்குமாடிக் கட்டடங்களின் அடித்தளத்தில் மீட்டர் பார்க்கிறவர். வாட்ச்மேன்கள் "ரீடிங் வந்தாச்சு" என்று கத்திக் கத்தி, அவருக்கு ரீடிங் என்பதே பெயராகிவிட்டது. ஒன்பது வருடத்துக்கு அப்புறம் நாலு நாள் லீவு கிடைத்து, ஊரெல்லாம் வாயைப் பிளக்கிற இந்தப் பெரிய நகரத்துக்கு வந்தால், படுக்கை மீட்டர் ரூமில்.

"பதினேழாம் நம்பர் சரியாத் தெரியலையே" என்றார் வந்தவர்.

"கண்ணாடிக்குள்ள ஈரம் கோத்திருக்கு. டார்ச்சைச் சாய்ச்சுப் பிடிங்க. இப்படிக் கொடுங்க" என்று சொன்ன பிறகுதான் ரீடிங்குக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. இருபத்து நான்கையும் அவரே படித்துச் சொல்ல வேண்டியதாயிற்று.

எதிர்க் கட்டிலில் அக்கா தலை வாரிக்கொண்டிருந்தாள். "மீட்டர் ரூம்ங்கறதாலதான் லாட்ஜ்காரன் பாதி ரேட்டுக்குக் கொடுத்தான். மேல் மாடின்னா தீட்டிருப்பான். உனக்கும் பழகின இடமாச்சே?"

"பழகின இடத்துக்கா ரயிலேறி வந்தேன்?"

"புலம்பாதே. ஒன்பது மணிக்குள்ள காலி பண்ணணும். பையைக் கட்டு."

அது இன்னொரு கூத்து. அறை இரவுக்கு மட்டும்தான். சாயங்காலம் ஏழிலிருந்து காலை ஒன்பது வரை என்றால் இன்னும் குறைச்சலாம். பகலில் இரண்டு பெரிய பைகளோடு தெருவில் நிற்க வேண்டியதுதான். அக்காவுக்கு ஒரு தொழிற்சாலை கேன்டீனில் ஸ்டோர் பொறுப்பு. சீனி மூட்டையில் ஒரு கை குறைந்தாலும் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவாள். கான்ட்ராக்டர்கள் அவளுக்கு வைத்த பெயர் கத்தரி. அவள் எதற்காவது பயந்தாள் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அவளைக் கண்டு பயந்தவர்கள்தான் உண்டு.

ரீடிங்குக்கு இந்தப் பயணத்தில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. ஊர் நடுவில் நிற்கும் அந்த டவர். எழுபத்தொரு மாடி, கண்ணாடிச் சுவர் லிப்ட். அப்பா அம்மா போனபோது அவருக்கு வயது ஒன்பது, அக்காவுக்குப் பதினாறு. அன்றைக்கு ஸ்டோருக்குள் நுழைந்தவள், மூட்டைகளுக்கு நடுவிலேயே நின்று இவரைப் படிக்க வைத்தாள், கல்யாணம் பண்ணி வைத்தாள். தான் அடித்தளத்தில், அவள் ஸ்டோரில். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு தடவையாவது உச்சியில் நின்று கீழே பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை. கேட்டால் சின்ன ஆசைதான். ஆனால் மனிதர் ஒன்பது வருடமாக அதை மென்றுகொண்டிருந்தார்.

"முதல்ல டவருக்குப் போலாம்க்கா" என்றார், தெருவுக்கு வந்ததும்.

"டிக்கெட் என்ன விலை தெரியுமா? ரெண்டு ராத்திரி ரூம் வாடகைடா ஒரு ஆளுக்கு!"

"இருக்கட்டுமே."

"வேணும்னா நீ மட்டும் போயிட்டு வாயேன்."

"நீ இல்லாம நான் ஏற மாட்டேன். சேர்ந்துதான் பார்க்கணும்."

அக்கா பைகளை அவர் பக்கம் தள்ளினாள். அப்புறம், "சரி, நீ பையைப் பாத்துக்கிட்டு இந்தப் பூங்காவுல உக்காரு. நான் போய் ரேட் விசாரிச்சுட்டு வரேன். குறைச்சலா ஏதாவது கிடைக்கும்" என்று கிளம்பினாள். டவர் எதிர்ச்சாரியில் இருந்தது. நடை மேம்பாலத்தில் ஏறினால் அஞ்சு நிமிடம். அவள் ஏறவில்லை. "படி ஏறினா செருப்பு தேயும்" என்று சொல்லிவிட்டு, ஒரு கிலோமீட்டர் நடந்து சிக்னலில் கடந்து போனாள். செருப்பைத் தேய்ப்பதற்கு இதைவிட நல்ல வழி ஒன்றை ரீடிங்கால் யோசிக்க முடியவில்லை.

அரை மணியில் பூங்காவின் தண்ணீர்க் குழாய்கள் புல்தரைக்குள்ளிருந்து தலையைத் தூக்கின. ஒரு பையைத் தூக்கி வைப்பதற்குள் இன்னொரு பை நனைந்தது. அதைத் தூக்குவதற்குள் அவரே நனைந்தார். ஒன்றரை மணி கழித்து அக்கா வந்தாள்.

"நாலு மணிக்கு மேல வந்தா விலை குறைவாம்."

நாலு மணிக்குப் போகலாம் என்றால் நல்ல துணி ஒன்றும் இல்லை. எல்லாம் பூங்கா வேலியில் காய்ந்துகொண்டிருந்தது. அன்றைய பொழுது அதோடு சரி.

மறுநாள் அக்கா ஒரு யோசனை கண்டுபிடித்தாள்.

"ஆஸ்பத்திரிடா. பெரிய ஹால். ஏசி, குடிதண்ணி, கழிப்பறை, எல்லாம் ஓசி. யார் நம்மளக் கேக்கப் போறாங்க?"

கேட்டார்கள். டோக்கன் இருப்பவர்கள் மட்டும்தான் உட்காரலாம் என்றார் காவலாளி. அக்கா சளைக்கவில்லை. நேராகப் போய் ஒரு டோக்கனோடு வந்தாள்.

"உன் பேர்லதான் எடுத்தேன். ரொம்ப நேரம் கூப்பிடாத மாதிரி ஒரு வியாதி சொல்லியிருக்கேன்."

"என்ன வியாதி?"

"நெஞ்சு படபடப்பு. அதுக்குத்தான் கூட்டம் ஜாஸ்தியாம். சாயங்காலம் வரைக்கும் ஜம்முனு உக்காந்திரு. நான் ரேட் விசாரிச்சுட்டு வந்துடறேன்."

நெஞ்சு என்றால் ஆஸ்பத்திரியில் வரிசை கிடையாது என்பது கத்தரிக்குத் தெரிந்திருக்கவில்லை. ஐந்தாவது நிமிடம் இரண்டு நர்சுகள் சக்கர நாற்காலியோடு வந்து அவரை அள்ளிக்கொண்டு போனார்கள்.

"எனக்கு ஒண்ணுமில்லம்மா."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. சட்டையைக் கழட்டுங்க. கடைசியா எப்ப நல்லாத் தூங்கினீங்க?"

"ரயில் ஏறுறதுக்கு முந்தின நாள்."

"சாப்பாடு?"

"பிரட். காலையில பிரட், மத்தியானமும் பிரட்."

நர்ஸ் எழுதிக்கொண்டே போனாள். மார்பில் ஒயரை ஒட்டிப் படம் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், போர்த்திப் படுக்க வைத்தார்கள். வந்த நாளாக அப்போதுதான் ஒரு மெத்தையில் முதுகு பட்டது. ரீடிங்குக்கு அதை விட்டு எழுந்திருக்கவே மனமில்லை.

அக்கா மூச்சு வாங்க ஓடி வந்தாள். முகமெல்லாம் வெளுத்து, கை வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது. இவர் படுத்திருந்த கோலத்தைப் பார்த்ததும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நர்ஸ் அவள் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"இவருக்கு ஒண்ணுமில்ல. உங்களுக்குத்தான் நாடி நூத்தி நாற்பது ஓடுது. படுங்க."

ஆக, பக்கத்துக் கட்டிலில் அக்கா. அவளுக்கும் படம், அவளுக்கும் ரத்தம். உட்காரத்தான் ஓசி, படுத்தால் ஓசி இல்லை. பில்லைப் பார்த்ததும் ரீடிங்குக்கு நிஜமாகவே படபடத்தது. பில் தொகையை வாசலிலேயே யாரோ சொல்லியிருக்க வேண்டும், அதுதான் அவள் அப்படி வெளுத்துப்போயிருக்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"டவர் என்னாச்சுக்கா?"

"இன்னிக்கு ஏகக் கூட்டம்டா. நாளைக்குக் குறையுமாம்."

மூன்றாம் நாள் மெத்தைக் கடை. இதுவும் அக்கா மூளையில் உதித்ததுதான். "மெத்தை வாங்கறவன் படுத்துப் பாத்துத்தானே வாங்குவான்? யாரும் விரட்ட மாட்டாங்க. காபியும் கொடுக்கறாங்க. நீ வாங்கற மாதிரி இரு, நான் ரேட் விசாரிச்சுட்டு வரேன்."

"நீ மூணு நாளா அந்த ரேட்டைத்தான் விசாரிக்கிறே. அவன் என்ன, நாளுக்கு நாள் மாத்தி மாத்திச் சொல்றானா?"

"பேசாமப் படு."

படுத்தார். ஒரு நிமிடம் கண்ணை மூடலாம் என்றுதான் நினைத்தார். விழித்தபோது தலையைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்கள். விற்பனையாளர் உரத்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பாருங்க, ரெண்டே கால் மணி நேரமாச்சு. புரளக்கூட இல்ல. குறட்டையைக் கேளுங்க!"

"எழுந்திருச்சுட்டாரே" என்று ஒரு மாமி குறைப்பட்டுக்கொண்டாள். ஒரு கிழவர் குனிந்து, "முதுகு எப்படி இருக்கு?" என்று விசாரித்தார்.

"இப்பத்தாங்க முதுகுன்னு ஒண்ணு இருக்கறதே தெரியுது" என்றார் ரீடிங், உள்ளதை உள்ளபடி.

அந்த வாக்குமூலத்தில் மூன்று மெத்தை விற்றது. ஆனால் தலையணையில் இவர் வாயொழுகியிருந்த இடத்தை விற்பனையாளர் கவனித்துவிட்டார். கறை பட்ட சாமானை வேறு யாருக்கும் விற்க முடியாதாம். அக்கா திரும்பி வந்தபோது, தம்பி இரண்டு பைகளோடு முழுவிலை கொடுத்த ஒரு தலையணையையும் கட்டிக்கொண்டு கடை வாசலில் நின்றிருந்தார்.

வழக்கமான அக்காவாக இருந்தால் அந்த விற்பனையாளர் அன்றைக்கு வேலையை விட்டிருப்பார். அவளோ தலையணையைப் பார்த்தாள், அதையே மடியில் வைத்துக்கொண்டு நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"அலைஞ்சு அலைஞ்சு கால் துவண்டு போச்சுடா."

"டவர்?"

"நாளைக்கு. நிச்சயமா நாளைக்கு."

நாலாம் நாள் மாலை ஐந்து மணிக்கு ரயில். காலை பத்து மணிக்கே ரீடிங் டவர் வாசலில் போய் நின்றுவிட்டார். தலையை அண்ணாந்தால் கழுத்து வலித்தது, உச்சி தெரியவில்லை. கண்ணாடி லிப்ட் ஒன்று சுவரோடு ஒட்டி மேலே போய்க்கொண்டிருந்தது. அக்கா தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வாக்கா. டிக்கெட் எடுத்துடலாம்."

"இருடா. மூணு மணிக்கு மேல ஏதோ குறைக்கறாங்களாம். எதுக்கும் நான் ஒரு தடவை போய் விசாரிச்சு..."

அவ்வளவுதான். நாலு நாள் தூக்கமின்மை, மீட்டர் இரைச்சல், பிரட், தலையணை எல்லாம் ஒன்றாகத் திரண்டு தொண்டைக்கு வந்தது.

"போதும்க்கா! இன்னும் எத்தனை தடவை விசாரிப்பே? ஒன்பது வருஷத்துல நான் கேட்டது இது ஒண்ணுதான். இதுலயும் கத்தரியைப் போடணுமா உனக்கு? காசைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டே இரு. என் ஆசைக்கு உன்கிட்ட ஒரு டிக்கெட் காசு மதிப்புகூட இல்லாமப் போச்சு!"

போகிறவர்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா பதில் சொல்ல வாயெடுத்தாள், அண்ணாந்து அந்த லிப்டைப் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் பதில் பேசவில்லை. அது ரீடிங்கின் கோபத்தை இன்னும் கிளப்பியது.

"நீ வர வேண்டாம். நான் போறேன்."

"போயிட்டு வாடா" என்றாள் மெதுவாக. "நல்லாப் பாத்துட்டு வா. நான் பையைப் பாத்துக்கறேன்."

பர்சைத் திறந்தாள். பணம் கொடுக்கப் போகிறாள் என்று தெரிந்ததும் அவர் விறுவிறுவென்று நடந்துவிட்டார். கவுன்டரில் பேரம் கேட்கவில்லை, சலுகை கேட்கவில்லை. முழு விலையை எண்ணி வைத்தார். உள்ளே ஒரே குளிர்ச்சி, பளபளவென்று தரை. நியாயமாகச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். சொல்லியிருக்க வேண்டாம் என்றுதான் தோன்றிக்கொண்டே இருந்தது. மதிப்பு என்ற வார்த்தையையாவது விட்டிருக்கலாம்.

லிப்ட் வாசலில் சீருடை போட்ட ஒரு பெண் டிக்கெட்டை வாங்கிக் கிழித்தாள். வேறு யாரும் இல்லை. ரீடிங் உள்ளே போய் நின்றார். கண்ணாடி வழியாக வெளி வாசல் நன்றாகத் தெரிந்தது. இரண்டு பைகளுக்கு நடுவில், தலையணையை மடியில் வைத்துக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தாள். அவர் பார்த்த பக்கமே லிப்ட்காரப் பெண்ணும் பார்த்தாள்.

"அந்தம்மா உங்களுக்குத் தெரிஞ்சவங்களா சார்?"

"எங்க அக்கா."

"ஓ, அந்தத் தம்பி நீங்கதானா?" என்றாள் அவள், பொத்தானை அழுத்திக்கொண்டே. "மூணு நாளா முழு டிக்கெட் வாங்கிக்கிட்டு வர்றாங்க சார், இந்த லிப்ட்ல காலை வைக்கறாங்க, நடுங்கிப்போய் இறங்கிடறாங்க, மறுநாள் திரும்பவும் வாங்கிக்கிட்டு வர்றாங்க, 'எப்படியாவது பயத்தை விட்டாகணும்மா, நான் இல்லாம என் தம்பி ஏறவே மாட்டான்'னு சொல்லிச் சொல்லி!"