ஐயய்யோ அக்காவும் என் கேமராவும்

மலேசியாவில் கோலசிலாங்கூர் வட்டாரத்தில் கார் ஓட்டப் பழகிய தமிழர்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பாதிப் பேருக்குக் கியர் மாற்றுவதில் தடுமாற்றம் இருக்கும். இரண்டு காருக்கு நடுவில் நிறுத்தச் சொன்னால் வியர்த்துவிடும். ஆனால் பிரேக் மட்டும் அவர்களைப்போல உலகத்தில் வேறு யாராலும் போட முடியாது. அத்தனை பேரும் ஐயய்யோ அக்காவின் மாணவர்கள்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுப்பவர். நல்ல உயரம், தலையில் எந்நேரமும் ஒரு தொப்பி, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட கைப்பேசி. மாணவி நடுங்கிக்கொண்டே ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பாள். பக்கத்துச் சீட்டிலிருந்து திடீரென்று "ஐயய்யோ!" என்று ஓர் அலறல் கேட்கும். மாணவி இரண்டு காலாலும் பிரேக்கின்மேல் ஏறி நிற்பாள். பின்னால் செம்பனைக் குலை ஏற்றி வரும் லோரி ஹார்னாலேயே திட்டிவிட்டுப் போகும். பார்த்தால் குறுக்கே ஆடு மாடு எதுவும் வந்திருக்காது. மின்கம்பியில் ஒரு பறவை உட்கார்ந்திருக்கும்.

"பார்த்தியாம்மா அந்த நீலத்தை! ஓரமா போடு, சிக்னல் போட்டு ஓரமா போடு. சீக்கிரம் லா, பறந்துரும்!"

லைசென்ஸ் டெஸ்டில் ஒருமுறை நடந்ததாக ஒரு கதை உண்டு. பக்கத்தில் இருந்த மலாய் அதிகாரியின் பேனா கீழே விழ, அவர் "ஆயோ" என்றாராம். ஓட்டிக்கொண்டிருந்த பையன் போட்ட பிரேக்கில் அதிகாரியின் தொப்பி கண்ணாடியில் போய் ஒட்டிக்கொண்டதாம். பையன் பாஸ். அவ்வளவு சுறுசுறுப்பான காலை அவர் பார்த்ததே இல்லையாம்.

இதையெல்லாம் கேட்டு நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், என் மகள் கவிதா அவரிடம் சேரும்வரை.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வாரத்தில் ஆறு நாள் பக்கத்து ஊரான அசாம் ஜாவாவில் ஒரு ஹார்ட்வேர் கடையில் வேலை. ஏழாவது நாள் நான் புகைப்படக் கலைஞன். அப்படித்தான் நான் சொல்லிக்கொள்வேன். முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸ், டிரைபாட், காட்டு நிறத்தில் சட்டை, காட்டு நிறத்தில் தொப்பி. பறவைக்கு நான் தெரியக்கூடாது என்பதற்காக அந்தச் சட்டை. மனைவி செல்வி சொல்வாள், "பறவைக்கு என்னமோ, எனக்கு நல்லாத் தெரியறீங்க. துணி காயப்போடணும், வாங்க."

அந்தச் சமயத்தில் நான் ஓர் ஆந்தைக்காக அலைந்துகொண்டிருந்தேன். செம்பனைத் தோட்டங்களில் எலியைப் பிடிக்க ஆந்தை வைத்திருப்பார்கள். உயரமான கம்பத்தில் ஒரு மரப்பெட்டி அடித்துவிட்டால், இருதய வடிவத்தில் வெள்ளை முகம் கொண்ட ஆந்தை அதில் வந்து குடியேறிவிடும். ஞாயிறு தவறாமல் போனேன். வெவ்வேறு வெளிச்சத்தில், வெவ்வேறு கோணத்தில், மிகத் துல்லியமாகப் பெட்டியைப் படம் பிடித்துக்கொண்டு வந்தேன். ஆந்தை ஒருமுறைகூடத் தலையை நீட்டவில்லை.

ஒருநாள் கவிதா பாடம் முடிந்து வந்தாள்.

"என்னாம்மா, சைட் பார்க்கிங் ஆச்சா?"

"அது அடுத்த வாரம்ப்பா. இன்னைக்கு ஆந்தை பார்த்தோம்."

கைப்பேசியை நீட்டினாள். அக்கா அனுப்பிய படம். பட்டப்பகலில், பெட்டியின் வாசலில், உறக்கம் கலைந்த வீட்டுக்காரர்போல அந்த ஆந்தை நேராக நம்மைப் பார்க்கிறது. படத்தின் ஓரத்தில் காரின் சிவப்பு எல் போர்டு பாதி தெரிகிறது. கொஞ்சம் சாய்ந்தும் இருக்கிறது. எந்த விதிப்படி பார்த்தாலும் அது நல்ல படமே இல்லை. ஆனால் அந்தக் கண்!

"எப்படி எடுத்தாங்க?"

"என்ஜின் செத்துப்போச்சுப்பா. நான் ஸ்டார்ட் பண்ணிக்கிட்டே இருந்தேன். அந்தச் சத்தத்துக்கு வெளியே வந்து பார்த்துச்சு."

என் வயிற்றில் அன்று பிடித்த எரிச்சல், இன்றைக்கும் வாழைப்பழம் சாப்பிட்டுத்தான் அடங்குகிறது.

மறுநாள், பாடம் ஒழுங்காக நடக்கவில்லை என்று புகார் சொல்லும் தோரணையில் டிரைவிங் ஸ்கூலுக்குப் போனேன். அக்காவோ என்னைப் பார்த்ததும் கையைப் பிடிக்காத குறையாக வரவேற்றார். "கவிதா அப்பாவா? நீங்க பெரிய கேமரா வச்சிருக்கீங்களாமே! வாங்கண்ணே! ஞாயித்துக்கெழமை எங்க போறீங்க? நானும் வரேன் லா!" அவர் என்னை அண்ணன் என்பார், நான் அவரை அக்கா என்பேன். இரண்டு பேரில் யார் மூத்தவர் என்பது இன்றுவரை தீர்ப்பாகாத வழக்கு.

என் ஞாயிற்றுக்கிழமைகள் அன்றோடு போயின.

கோலசிலாங்கூர் சதுப்புக்காட்டில் மரப்பலகையில் குப்புறப் படுத்து, கொசுவுக்கு முதுகை முழுசாக ஒப்படைத்துவிட்டு, ஒரு மீன்கொத்திக்காகக் காத்திருந்தேன். காலை முழுக்கக் காத்த பிறகு அது வந்து உட்கார்ந்தது. மூச்சை அடக்கினேன். விரல் பொத்தானைத் தொட்டது.

"ஐயய்யோ! அண்ணே! அங்க பாருங்க!"

நான் பார்த்தபோது வெறும் கிளைதான் ஆடிக்கொண்டிருந்தது. அக்கா ஒரு கையில் கறிபாப் பலகாரமும் மறுகையில் கைப்பேசியுமாக நின்றார். அந்த அலறலோடு அலறலாக அவரும் படம் எடுத்திருந்தார். நீலமாக ஒரு தீற்றல், கீழே சிதறிய தண்ணீர். அவ்வளவுதான்.

"அக்கா, காட்டுல சத்தம் போடக்கூடாதுக்கா."

"நானா போடறேன்? அதுவா வருதுண்ணே." பிறகு கொஞ்சம் யோசித்து, உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்டார். "உங்களுக்கு வரலையா?"

நான் லென்ஸைத் துடைத்தேன். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து, வேறொரு நாள் நான் எடுத்த மீன்கொத்தியைச் செல்வியிடம் காட்டினேன். இறகு இறகாக எண்ணலாம். அடுப்பில் மிளகாய்ச் சம்பாலைக் கிண்டிக்கொண்டே "நல்லாருக்கு" என்றாள். அக்கா எனக்கு அனுப்பியிருந்த தீற்றலைக் காட்டினேன். கரண்டியை வைத்துவிட்டுக் கைப்பேசியை வாங்கிக்கொண்டாள். "ஏங்க, இது பறக்குதுங்க!"

அறுவடைக் காலத்தில் சுங்கை பஞ்சாங் போனோம். நெல் அறுக்கும் இயந்திரம் போகப் போக, அதன் பின்னால் கொக்குகள் கூட்டமாக இறங்கும். வயலில் கிளம்பும் பூச்சிகள்தான் அவற்றுக்கு விருந்து. நான் முழங்கால் வரை சேற்றில் நின்று ஒன்று விடாமல் சுட்டுத்தள்ளினேன். எல்லாப் படத்திலும் கொக்குகளின் பின்பக்கம். நிமிர்ந்து பார்த்தால் அக்கா இயந்திரத்தின்மேல் ஓட்டுநருக்குப் பக்கத்தில் மகாராணிபோல உட்கார்ந்திருக்கிறார்! "பாங், போலே நாய்க்?" என்று கேட்டாராம். ஏறலாமா என்று கேட்டதுதான் தாமதம், அந்த மலாய்க்காரர் கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டாராம். எனக்கு அப்படிக் கேட்கத் தோன்றியதே இல்லை. மேலேயிருந்து அவர் எடுத்த படத்தில் தங்க வயல், வெள்ளைக் கொக்குகள், நடுவில் சேற்றில் புதைந்த காட்டு நிறச் சட்டை ஒன்று. "அண்ணே, நீங்க என்ன அழகா விழுந்திருக்கீங்க பாருங்க!"

அந்தப் படந்தான் எனக்கு எமனாக வந்தது. நாங்கள் முன்பு குடியிருந்த தோட்டத்து ஆட்கள் கூடிக் காலண்டர் போட்டார்கள். மாதத்துக்கு ஒரு படம், எல்லாம் நம் வட்டாரக் காட்சி. பன்னிரண்டு மாதத்துக்கும் என் படங்களையே எடுத்துக்கொண்டார்கள். மேலட்டைக்கு மட்டும் அக்காவின் கொக்குப் படம். அதாவது, என் வட்டாரத்தின் முகப்பில் நானே சேற்றில் நிற்கிறேன், எடுத்தவர் பெயர் வேறு.

"விடுங்க. மேலட்டையை ஜனவரி பொறந்ததும் கிழிச்சுப் போட்டுருவாங்க" என்று செல்வி ஆறுதல் சொன்னாள். யாரும் கிழித்துப் போடவில்லை. வெட்டிச் சட்டம் போட்டுக்கொண்டார்கள். முடிவெட்டப் போன கடையில்கூட அது மாட்டியிருந்தது. கண்ணாடியில் பார்த்தால் எனக்குப் பின்னால் நான்.

இனிப் பொறுப்பதில்லை என்று முடிவு செய்தேன். கடலுக்குள் ஒரு மணல்திட்டு இருக்கிறது. தண்ணீர் நன்றாக வற்றும் சில நாட்களில் மட்டும் தலைகாட்டும். மேலே மெல்லிய நீர் நிற்க, வானம் முழுக்க அதில் கவிழ்ந்து தெரியும். ஸ்கை மிரர் என்று சுற்றுலாப் பயணிகள் படகு படகாகப் போய் வருவார்கள். எவனும் எடுக்காத மாதிரி ஒரு படம் அங்கே எடுத்துவிட்டால் என் மானம் திரும்பும். அக்காவிடம் மூச்சு விடவில்லை. காலையில் படகில் ஏறி உட்கார்ந்தால், முன்வரிசையில் அந்தத் தொப்பி.

"கவிதா சொல்லுச்சு! ஏண்ணே, என்னைக் கூப்பிட மறந்துட்டீங்களா?"

"மறந்துட்டேன்க்கா."

திட்டில் இறங்கியதும் நான் கூட்டத்தை விட்டு வெகுதூரம் நடந்தேன். பையை ஓரமாக வைத்து, டிரைபாட்டைத் தாழ்த்தி, தொடை உயரத்துக்குக் கேமராவை இறக்கினேன். ஒரு பெரிய மேகம் வந்துகொண்டிருந்தது. மேலே ஒன்று, கீழே ஒன்று. இரண்டும் சேரும் நேரத்துக்காகக் காத்திருந்தேன்.

தூரத்தில், "ஐயய்யோ! அண்ணே! ஐயய்யோ!"

நண்டாக இருக்கும். திரும்பாமலே கையை ஆட்டினேன்.

"ஐயய்யோ! ஐயய்யோ!"

நட்சத்திர மீனாக இருக்கும். மேகம் நெருங்கியது. படம் எடுத்தேன். ஆகா, இது போதும் என்று நிமிர்ந்தபோதுதான் கணுக்காலில் இருந்த தண்ணீர் முட்டிக்கு வந்திருப்பது தெரிந்தது. என் பை என்னைக் கேட்காமலே எங்கோ கிளம்பியிருந்தது. எனக்கும் படகுக்கும் நடுவில் மணலாக இருந்த இடம் ஆறுபோல ஓடிக்கொண்டிருந்தது. படகில் இருந்த அத்தனை பேரும் கையை ஆட்டினார்கள். படகுக்காரர் விசில் ஊதினார். எனக்கு நீச்சல் தெரியாது.

அக்கா தண்ணீரில் இறங்கி வந்துகொண்டிருந்தார். தண்ணீர் இடுப்பு வரை, பிறகு மார்பு வரை, பிறகு தொப்பி மட்டும் தெரிந்தது. வரும் வழியில் என் பையைப் பிடித்துத் தலையில் வைத்துக்கொண்டார். என்னிடம் வந்து சேர்ந்து மணிக்கட்டைப் பிடித்தார். டிரைவிங் சொல்லிக்கொடுப்பவரின் பிடி அது.

"டிரைபாட்டை விடுங்கண்ணே!"

"கேமரா..."

"விடுங்கன்னு சொல்றேன் லா!"

விட்டேன். நடுவில் ஓரிடத்தில் தரை இல்லை. இரண்டு பேரும் முங்கினோம். உப்புத் தண்ணீர் மூக்கு வழியாகப் போய் மூளையைத் தொட்டது. படகுக்காரர் கயிறு வீச, பிடித்து ஏறினோம்.

கேமரா கடலுக்குப் போய்விட்டது. அந்த மேகமும் அதோடு போய்விட்டது. அக்கா கழுத்துக் கயிற்றை இழுத்துக் கைப்பேசியைக் கையில் எடுத்தார். அதிலிருந்து தண்ணீர் சொட்டியது. அழுத்திப் பார்த்தார். உதறிப் பார்த்தார்.

"என்னோடதும் போச்சுண்ணே."

"படமெல்லாம் வேற எங்கயாச்சும் ஏத்தி வச்சிருக்கீங்களா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது லா. எல்லாம் இதுலதான் இருந்துச்சு."

மின்கம்பியில் உட்கார்ந்த பறவைகள், இயந்திரத்தின்மேல் ஏறி எடுத்த மற்ற படங்கள், மாணவிகள் பிரேக் போட்டு நின்ற அத்தனை சாலையோரங்களும் போய்விட்டன. அவர் வாயை மூடி உட்கார்ந்திருந்ததை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன். எல்லாம் என்னால்தான். அழப்போகிறார் என்று நினைத்து என் துண்டை எடுத்தேன். அதுவும் ஈரம்.

அப்போது படகுக்கு முன்னால் ஒரு கழுகு வானத்திலிருந்து கல்போல விழுந்து, தண்ணீரைக் கிழித்து, மீனோடு எழும்பியது.

"ஐயய்யோ!"

படகுக்காரர் என்ஜின் விசையை விட்டுவிட்டார். படகு ஒரு குலுங்கு குலுங்கியது. அக்கா எழுந்து நின்று, கையில் எதுவும் இல்லாமல், அந்தக் கழுகு போகிற திசையெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டே போனார். தலையிலிருந்து தண்ணீர் வழிகிறது, வாய் திறந்திருக்கிறது, இருந்ததெல்லாம் போன வருத்தம் அந்த முகத்தில் தேடினாலும் கிடைக்கவில்லை. ஆந்தைக்குப் பட்ட பொறாமை, காலண்டருக்குப் பட்ட பொறாமை எல்லாம் சேர்ந்தாலும் அந்த நிமிடம் நான் பட்ட பொறாமைக்குப் பக்கத்தில் வராது. நான் பார்த்துக்கொண்டிருந்தது கழுகை அல்ல.

கவிதாவின் கைப்பேசியில் அந்த ஆந்தை பத்திரமாக இருந்தது. பெரிதாக அச்சுப்போட்டு, சட்டம் போட்டு, அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைக்காரர் ஓரத்து எல் போர்டை வெட்டிவிடலாமா என்று கேட்டார். கை வைக்காதே என்றேன். செல்வி சொன்னாள், "உங்க படம் ஒண்ணைக்கூட நீங்க இவ்வளவு பெருசா போட்டதில்லை."

பிறகு நான் பழைய கேமரா ஒன்று வாங்கினேன். அக்கா புதுக் கைப்பேசி வாங்கினார். ஞாயிறுகள் மறுபடி கெட்டன.

போன மாதம் அக்கா, ஓர் இருவாட்சிப் பறவையைப் பார்த்து வழக்கம்போல அலறிவிட்டு, வழக்கம்போலக் கார் நின்றிருக்கும் என்று நம்பிக் கதவைத் திறந்து இறங்கியிருக்கிறார். மாணவிக்கு அன்றுதான் முதல் பாடம். பாவம், அவளுக்குப் பிரேக் எது என்றே தெரியாது. கார் ஊர்ந்துகொண்டிருந்ததால் அக்காவுக்கு அடி முட்டியோடு போயிற்று. மாவுக்கட்டு, ஓய்வு.

சில ஞாயிறுகளாக நான் தனியாகப் போகிறேன். சதுப்புக்காடு நிசப்தமாக இருக்கிறது. நாரைகள் பயமில்லாமல் பக்கத்தில் வந்து நிற்கின்றன. எல்லாப் படமும் துல்லியம், எல்லாவற்றிலும் இறகை எண்ணலாம். ஒன்றைக்கூட யாரிடமும் காட்டத் தோன்றவில்லை.

நேற்று அக்காவுக்குப் போன் செய்தேன். "கட்டோட வரலாம்னு டாக்டர் சொல்லிட்டாருண்ணே. காலை மட்டும் மடக்கக்கூடாதாம்" என்றார். இன்று காலை என் காரின் முன்சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளி, அதில் உட்கார்ந்து, காலை நீட்டிப் பார்த்தேன். எனக்கே இடித்தது. அவர் என்னைவிட உயரம். யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாத நான், மச்சானுக்குப் போன் போட்டு அவருடைய பெரிய காரை ஞாயிற்றுக்கிழமைக்குக் கேட்டுவிட்டேன்.